பேட்டரியைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஜோசப் ஹென்றியை நினைச்சுக்கோங்க



கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோடு உங்களில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கமே வராதவங்க, கல்வராயன் மலை மேல ஒரு மரவள்ளிக் காட்டை மட்டும் மனசுல நினைச்சுக்கோங்க. கிழங்கு பிடுங்கி ட்ரெய்லர்ல லோடு ஏத்தியாச்சு. மழை மேகம் கூடி வருது. டிராக்டர் மட்டும் ஸ்டார்ட் ஆகல. சாவியைத் திருப்பினா ‘டக்’குனு ஒரு சத்தம், அதோட சரி. பேட்டரி இறங்கிடுச்சு.

இதுக்கு ஊர்ல ஒரு கைவைத்தியம் உண்டு. பக்கத்துக் காட்டுல நிக்கிற இன்னொரு டிராக்டரோட நல்ல பேட்டரியைக் கழட்டிட்டு வந்து மாட்டுவாங்க. செல்ஃப் எடுத்ததும், எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அந்த இரவல் பேட்டரியைக் கழட்டிட்டு, இறங்கிப்போன பழைய பேட்டரியைத் திரும்ப உள்ள வெச்சிடுவாங்க. அப்புறம் டைனமோ பார்த்துக்கும். நம்ம அப்பா, தாத்தா ஓட்டின வண்டிகள்ல இதை நூறு தடவை செஞ்சிருப்பாங்க. பல்பு போனா போகும். அதுக்கு மேல போறதுக்கு அந்த வண்டிகள்ல எலக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணும் இல்லை.

இப்போ வர்ற வண்டி அப்படி இல்லை. 50 குதிரைத்திறனுக்கு மேல இருக்கிற டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து ட்ரெம் 4 மாசு விதி வந்துடுச்சு. அதனால அந்த வண்டிகள்ல பெரும்பாலும் டீசலை எப்போ, எவ்வளவு தெளிக்கணும்னு ஒரு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது. இசியூன்னு சொல்றோமே, அதுதான். சின்ன வண்டியில கூட மீட்டர் போர்டு டிஜிட்டல் ஆகிட்டு வருது. இந்த வண்டியில அதே கைவைத்தியத்தைச் செஞ்சா, டெர்மினல் கழன்ற அதே நொடியில மீட்டர் போர்டு இருண்டு போகலாம். எஞ்சின் நின்னு, அதுக்கப்புறம் எந்த பேட்டரி வெச்சாலும் ஸ்டார்ட் ஆகாம போகலாம். லோடு மலை மேலேயே நிக்கும்.

அந்த நொடியில என்ன நடந்துச்சு? இதுக்கான அடிப்படையை 1832-லயே ஒருத்தர் ஒரே ஒரு பத்தியில எழுதி வெச்சிட்டார். அவர் பேரை நீங்க ஒவ்வொரு செமஸ்டரும் எழுதுறீங்க. சர்க்யூட் தியரி பேப்பர்ல 10 மில்லி ஹென்றி, 2 ஹென்றின்னு போடுறோம் இல்லையா? அந்த ஹென்றிதான். ஓம் யாரு, வோல்ட்டா யாருன்னு கேட்டா ஏதாவது சொல்லிடுவோம். ஹென்றி யாருன்னு கேட்டா முழிப்போம். இந்த இதழ்ல அவரோட கதையைச் சொல்றேன்.

முயலைத் துரத்தின பையன்

ஜோசப் ஹென்றி 1797 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், ஆல்பனி என்ற ஊரில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம். அப்பா கூலித் தொழிலாளி, அவரும் சீக்கிரமே இறந்துபோனார். சின்ன வயதிலேயே பையனைக் கால்வே என்ற கிராமத்தில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் பாதி நேரம், கடை வேலை பாதி நேரம்.

அந்தக் கிராமத்தில் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஹென்றி வளர்த்த முயல் ஒன்று ஓடிப்போய் தேவாலயத்தின் அடித்தளத்துக்குள் நுழைந்துவிட்டது. பின்னாலேயே தவழ்ந்து போன பையன், தரைப்பலகை உடைந்திருந்த வழியாக மேலே ஏறினால், அது புத்தகங்கள் வைத்திருந்த அறை! முயலை மறந்துவிட்டு கதைப்புத்தகம் படிக்க உட்கார்ந்துவிட்டாராம். அதுவரை புத்தகத்தின் பக்கமே போகாத பையன் அவர்.

13 வயதில் ஆல்பனிக்குத் திரும்பி, கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மனசு அதில் ஒட்டவில்லை. நாடகம்தான் அவருக்குப் பிடித்தது. நடிகனாகிவிடலாம் என்றே நினைத்திருந்தார். 16 வயதில் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தபோது, வீட்டில் தங்கியிருந்த ஒருவரின் அறிவியல் புத்தகம் கையில் கிடைத்தது. கல்லை மேலே எறிந்தால் ஏன் கீழே வருகிறது என்பது மாதிரியான சாதாரணக் கேள்விகளோடு தொடங்கும் புத்தகம். படித்து முடித்தபோது நாடக ஆசை போயிருந்தது.

1819-ல் ஆல்பனி அகாடமியில் சேர்ந்தார். கட்டணம் இல்லை என்றாலும் சாப்பாட்டுக்குச் சம்பாதிக்க வேண்டுமே! பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தார். இடையில் ஹட்சன் ஆற்றிலிருந்து ஈரி ஏரி வரை ஒரு சாலைக்கு நில அளவை செய்யும் வேலைக்கும் போனார். நம்ம சிவில் பிரிவு நண்பர்கள் பெருமைப்பட்டுக்கலாம். 1826-ல் அதே அகாடமியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியர் ஆனார்.

வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் விஞ்ஞானி

பேராசிரியர்னு சொன்னதும் பெரிய லேப், உதவியாளர்கள், ஃபண்டுன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வகுப்பு. அதில் பாதிக்கு மேல் சின்னப் பையன்களுக்குக் கணக்கு. ஆராய்ச்சி செய்ய இடம் கிடைப்பதே ஆகஸ்ட் மாத விடுமுறையில்தான். வகுப்பறை காலியாகும், மேசைகளைத் தள்ளிப் போட்டுக் கருவிகளைப் பரப்புவார். விடுமுறை முடிந்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும்.

அந்த ஒரு மாதத்தில் அவர் கையில் எடுத்தது மின்காந்தம். 1825-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், குதிரை லாடம் போல் வளைத்த இரும்பின் மேல் வெறும் கம்பியைச் சுற்றி ஒரு மின்காந்தம் செய்து காட்டியிருந்தார். வெறும் கம்பி என்பதால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, இடைவெளி விட்டு ஒரே அடுக்காகத்தான் சுற்ற முடியும். ஹென்றி அதை வேறு மாதிரி யோசித்தார். இரும்பை மூடுவதற்குப் பதிலாகக் கம்பியையே பட்டால் சுற்றி மூடினார். இப்போது கம்பியை நெருக்கமாக, அடுக்கு மேல் அடுக்காக எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். பட்டுத்துணிக்காக மனைவி ஹேரியட்டின் பாவாடையைக் கிழித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவ்வளவு பட்டு தேவைப்பட்டது நிஜம்.

இன்னிக்கு மோட்டார் காயில் கட்டுற கடையில எனாமல் பூசின செம்புக் கம்பியைச் சுத்துறாங்களே, அதே யோசனைதான் இது.

1831-ல் யேல் கல்லூரிக்காக அவர் செய்து கொடுத்த மின்காந்தத்தின் எடை சுமார் 27 கிலோ. அது தூக்கியது 900 கிலோவுக்கும் மேல். அதே காலத்தில் வகுப்பறைச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கு மேல் கம்பி இழுத்து, ஒரு முனையில் பேட்டரியை இணைத்தால் மறுமுனையில் மணி அடிக்கும்படி செய்து காட்டினார். தந்தி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.

எழுதாம விட்டதுக்குக் கொடுத்த விலை

மின்சாரத்தால் காந்தம் செய்ய முடியும் என்றால், காந்தத்தால் மின்சாரம் செய்ய முடியாதா? அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்த கேள்வி. ஹென்றியும் அதற்கான சோதனைகளில் இறங்கினார். அவர் கையில் இருந்த காந்தங்கள் அந்தச் சோதனைக்கு உலகிலேயே மிகப் பொருத்தமானவை. முடிவுகள் வரத் தொடங்கின. ஆனால் அவர் வெளியிடவில்லை. இன்னும் பெரிய காந்தம் செய்து, இன்னும் தெளிவாகச் செய்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தார். விடுமுறை முடிந்தது. வகுப்புகள் தொடங்கின. வேலை அப்படியே நின்றது.

கடலுக்கு அந்தப் பக்கம், லண்டனில், புத்தக பைண்டிங் கடையில் வேலை பழகி அறிவியலுக்கு வந்த இன்னொரு ஏழை வீட்டுப் பிள்ளை, மைக்கேல் ஃபாரடே, 1831-ல் அதே விஷயத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு நவம்பரில் ராயல் சொசைட்டியில் கட்டுரையாகவும் வந்துவிட்டது. 1832-ல் ஒரு பத்திரிகைக் குறிப்பைப் பார்த்துத்தான் ஹென்றிக்குச் செய்தி தெரிந்தது. மின்காந்தத் தூண்டல் இன்று ஃபாரடே விதி என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் தவறும் இல்லை, முதலில் எழுதி வெளியிட்டவர் அவர்தான்.

ஹென்றி இதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் தாமதம் செய்தோமே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அவசர அவசரமாகத் தன் சோதனைகளைத் தொகுத்து, 1832 ஜூலையில் பேராசிரியர் சில்லிமன் நடத்திய அமெரிக்க அறிவியல் இதழுக்குக் கொடுத்தார். இந்த முறை ஒரு காரியம் செய்தார். பெரிய சோதனைகளை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியாக, ரொம்பச் சின்னதாகத் தெரிந்த ஒரு விஷயத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டார்.

அந்த ஒரு பத்தி

சோதனை இதுதான். ஒரு சின்ன பேட்டரி. அதன் இரண்டு முனைகளும் பாதரசம் நிரப்பிய இரண்டு கிண்ணங்களில் முடிகின்றன. ஒரு அடி நீளச் செம்புக் கம்பியால் இரண்டு கிண்ணங்களையும் இணைத்தால் எதுவும் தெரியாது, எடுத்தாலும் எதுவும் தெரியாது. அதே இடத்தில் 30, 40 அடி நீளக் கம்பியை வைத்துப் பார்த்தார். இணைக்கும்போது ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு முனையைப் பாதரசத்திலிருந்து வெளியே இழுக்கும்போது பளிச்சென்று ஒரு பொறி! அதே கம்பியைச் சுருளாகச் சுற்றினால் பொறி இன்னும் கொஞ்சம் கூடியது.

யோசிச்சுப் பாருங்க. பேட்டரி அதேதான். கம்பி நீளமானா ரெசிஸ்டன்ஸ் கூடும், கரண்ட் குறையணும். அப்போ பொறியும் குறையத்தானே வேணும்? கூடுதே! அதுவும் இணைக்கும்போது வராம, பிரிக்கும்போது மட்டும் ஏன் வருது?

கம்பியில் ஓடும் மின்சாரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. சுருளாகச் சுற்றினால் அந்தப் புலம் பலமாகிறது. பாதையைத் திடீரென்று வெட்டினால் புலம் சரிகிறது. சரியும் புலம் அதே கம்பியில், ஓடிக்கொண்டிருந்த கரண்டைத் தொடர்ந்து ஓடவைக்கும் திசையில், ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. வேகமாக ஓடுகிற லோடு வண்டியில் திடீர்னு பிரேக் போட்டால் லோடு முன்னால் வந்து கேபினில் இடிக்குமே, அந்த மாதிரி. நாம படிக்கிற சூத்திரத்துல சொன்னா எல் இன்டு டிஐ பை டிடி. கரண்ட் எவ்வளவு வேகமா நிக்குதோ, வோல்டேஜ் அவ்வளவு உயரும்.

ஒரு கணக்குப் போடலாம். 0.1 ஹென்றி உள்ள ஒரு காயில். அதில் 0.2 ஆம்பியர் ஓடுது. அது ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுழியத்துக்கு வந்தால், வோல்டேஜ் 0.1 × 0.2 ÷ 0.0001 = 200. பேட்டரி 12 வோல்ட்தான். பொறி 200 வோல்ட்!

ஃபாரடே இதே விளைவைத் தனியாகக் கண்டது 1834-ல்தான். இந்த முறை முந்தியவர் ஹென்றி. காரணம், அந்த ஒரு பத்தி. எழுதாமல் விட்ட பெரிய கண்டுபிடிப்பு கைவிட்டுப் போயிற்று. போகிற போக்கில் எழுதி வைத்த சின்னப் பொறி அவர் பேரைக் காப்பாற்றியது.

ரிலே செய்தவரும் இவர்தான்

அதே 1832-ல் பிரின்ஸ்டனில் இருந்த நியூ ஜெர்சி கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. தனக்குப் பட்டம் எதுவும் இல்லையே என்று தயங்கினார், பிறகு போனார். 1835 வாக்கில் தன் ஆய்வகத்துக்கும் வளாகத்திலேயே இருந்த வீட்டுக்கும் இடையில் கம்பி இழுத்து, வீட்டுக்குச் சைகை அனுப்பினார். தூரம் கூடினால் கரண்ட் பலவீனமாகும் இல்லையா? அதற்கு ஒரு வழி செய்தார். தூரத்திலிருந்து வரும் பலவீனமான கரண்ட் ஒரு சின்ன மின்காந்தத்தை மட்டும் அசைக்கும். அந்த அசைவு, வேறொரு பேட்டரியின் பெரிய சர்க்யூட்டைத் திறக்கும், மூடும். ஆமாங்க, ரிலேதான். டிராக்டர்ல சாவியைத் திருப்பினதும் கேட்குதே அந்த ‘டக்’, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

ஹென்றி இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கவில்லை. அறிவியல் பொதுச்சொத்து என்பது அவர் கொள்கை. சாமுவேல் மோர்ஸ் தந்தி செய்யத் தொடங்கியபோது யோசனை கேட்டு வந்தார், தாராளமாகச் சொல்லிக் கொடுத்தார். 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி ஓடியது. புகழும் பணமும் மோர்ஸுக்குப் போயின. பிறகு காப்புரிமை வழக்குகளில் சாட்சியாக ஹென்றியை நீதிமன்றம் அழைத்தபோது, நடந்ததை நடந்தபடி சொன்னார். அதனால் இருவருக்கும் இடையே கசப்பு வந்து, கடைசிவரை தீரவில்லை.

1837-ல் ஐரோப்பா போய் ஃபாரடேயையும் நேரில் பார்த்தார். அங்கே நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. வெப்பத்தில் மின்சாரம் தரும் ஒரு கருவியிலிருந்து பொறி வரவைக்க லண்டன் விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருந்தார்கள். வோல்டேஜ் ரொம்பக் குறைவு, பொறி வரவில்லை. ஹென்றி நீளமான கம்பியை ஒரு இரும்புத் துண்டில் சுற்றி, சர்க்யூட்டில் சேர்த்து, இணைப்பைச் சட்டென்று பிரித்தார். பொறி வந்தது. ஃபாரடே குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாராம். கண்டுபிடிப்பில் போட்டியாளர்கள் என்று நாம் நினைக்கிற இரண்டு பேர் நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

லேப்பை விட்டு ஆபீசுக்கு

1846-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் செயலாளர் ஆனார். கடைசிவரை, 32 ஆண்டுகள், அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். சொந்த ஆராய்ச்சி பெரும்பாலும் நின்றுபோனது. ஆனால் நாடு முழுக்கத் தன்னார்வலர்களை வைத்து வானிலைப் பதிவு எடுக்க ஏற்பாடு செய்தார். தந்தி வழியாக வந்த தகவலை வைத்து, அன்றாட வானிலையை ஒரு பெரிய வரைபடத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தார். கலங்கரை விளக்க வாரியத்துக்காக விளக்கெண்ணெய்களையும் மூடுபனிச் சங்குகளையும் சோதித்தார்.

சோகமும் இருந்தது. 1862-ல் ஒரே மகன் வில்லியம் இறந்தார். 1865 ஜனவரியில் ஸ்மித்சோனியன் கட்டடத்தில் தீப்பிடித்து, ஹென்றியின் கடிதங்களும் தாள்களும் ஏராளமாக எரிந்துபோயின. அச்சில் ஏறியிருந்தவை தப்பின.

1875-ல் இளைஞர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். கம்பி வழியாகக் குரலை அனுப்பலாம் என்று யோசனை வைத்திருந்தார், ஆனால் தனக்கு மின்சார அறிவு போதாது என்று தயங்கினார். அப்படியென்றால் போய்க் கற்றுக்கொள் என்று ஹென்றி சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். வந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அடுத்த ஆண்டே டெலிபோன் வந்தது.

1878 மே 13 அன்று ஹென்றி வாஷிங்டனில் இறந்தார். 15 ஆண்டுகள் கழித்து, 1893-ல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு, சுருளின் தூண்டலை அளக்கும் அலகுக்கு ஹென்றி என்று பெயர் வைத்தது.

இனி நம்ம டிராக்டருக்கு வருவோம்

மலை மேல, ஓடிக்கிட்டிருந்த எஞ்சின்ல பேட்டரியைக் கழட்டின அந்த நொடியை இப்போ ஹென்றியோட கண்ணால பாருங்க.

டைனமோன்னு ஊர்ல சொன்னாலும், இப்போ இருக்கிறது ஆல்டர்னேட்டர். அதுக்குள்ள சுழல்ற ரோட்டர் ஒரு காயில். 30 ஆம்பியர் பேட்டரிக்குப் போயிட்டிருக்குன்னு வைங்க. டெர்மினலைப் பிடுங்கினதும் அந்த 30 ஆம்பியருக்குப் போக இடமில்லை. ரெகுலேட்டர் உடனே ரோட்டருக்குப் போற சப்ளையை நிறுத்தும். ஆனா ரோட்டரும் காயில்தானே! அதோட கரண்ட் உடனே நிக்காது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். அதுவரைக்கும் ஆல்டர்னேட்டர் முழு வேகத்துல மின்சாரம் தயாரிக்கும். அதனால வோல்டேஜ் எகிறும். இதுக்கு லோடு டம்ப்னு பேரு. வாகன எலக்ட்ரானிக்ஸுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை, தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு 79-லிருந்து 101 வோல்ட் வரை, 40-லிருந்து 400 மில்லி செகண்ட் வரை இந்த அடி நீடிக்கும்னு வெச்சுத்தான் சோதனை வகுக்குது. ஜீனர் டையோடு உள்ள ஆல்டர்னேட்டர்னா 35 வோல்ட் அளவுல அடங்கும். இசியூக்குள்ளயும் பாதுகாப்பு டையோடு இருக்கும். ஆனா எல்லா வண்டியிலயும், எத்தனை தடவை வேணும்னாலும் அது தாங்கும்னு நம்ப முடியாது.

பேட்டரின்னா வெறும் ஸ்டார்ட் பண்றதுக்குன்னு நினைக்கிறோம். உண்மையில அது எஞ்சின் ஓடும்போது ஒரு பெரிய தாங்கி. எந்த அடி வந்தாலும் வாங்கிக்கிட்டு வோல்டேஜை நிலையா வெச்சிருக்கும். அதைக் கழட்டுறது, வெள்ளம் வரும்போது ஏரிக்கரையை வெட்டி விடுற மாதிரி.

எஞ்சின் நின்னிருந்தாலும் சாவி ஆன்ல இருந்தா ஆபத்து உண்டு. ரிலே, டீசலை நிறுத்துற சொலினாய்டு எல்லாமே காயில்தான். கரண்ட் ஓடிக்கிட்டிருக்கும்போது டெர்மினலைப் பிடுங்கினா ஒவ்வொண்ணும் ஹென்றியோட பொறியைத் திருப்பி அடிக்கும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு வெக்கிறது இதுக்காகத்தான். எம்பெடட் லேப்ல அந்த டையோடு எதுக்குன்னு கேக்காம சாலிடர் பண்ணியிருக்கோம் இல்லையா?

லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்க சித்தப்பாகிட்டயோ, ஷெட் மெக்கானிக் அண்ணன்கிட்டயோ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

1. எஞ்சினை நிறுத்துங்க, லைட்டை அணைங்க, சாவியை எடுத்துடுங்க. இசியூ தன் வேலையை முடிச்சுத் தூங்க ஒன்றிரண்டு நிமிஷம் விடுங்க. உங்க வண்டி கையேட்டுல வேற நேரம் போட்டிருந்தா அதுதான் கணக்கு.

2. கழட்டும்போது முதல்ல மைனஸ். பிளஸ்ஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட் ஆகும். மைனஸ் கழன்ற பிறகு பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

3. மாட்டும்போது முதல்ல பிளஸ், கடைசியில மைனஸ். அதுக்கு முன்னாடி புது பேட்டரியில பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்னு பாருங்க. பழசுக்கு நேர் மாறா இருக்கலாம். பொறி வருதான்னு தட்டித் தட்டிப் பார்க்காதீங்க. ஒரே தடவையில அழுத்தி வெச்சு முறுக்குங்க.

4. இரவல் பேட்டரி வேணும்னா, மாத்தி வெக்கிறதுக்குப் பதிலா ஜம்பர் கேபிள் போடுங்க. ரெண்டும் 12 வோல்ட்டான்னு பாருங்க. உதவிக்கு வர்ற வண்டியும் நின்னிருக்கணும். பிளஸ்ஸுக்கு பிளஸ். மைனஸ் கேபிளை நல்ல பேட்டரியில மாட்டி, அதோட கடைசி முனையை, இறங்கின பேட்டரியை விட்டுத் தள்ளி, எஞ்சின் இரும்புல மாட்டுங்க. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி அதுக்குப் பக்கத்துல வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஹெட்லைட்டைப் போட்டுட்டு, போட்ட வரிசைக்குத் தலைகீழா கேபிளை எடுங்க. பழைய பேட்டரி அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை, அதுதான் முக்கியம்.

5. சார்ஜ் ஏறுதான்னு பார்க்க டெர்மினலைக் கழட்டிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுடச் சொல்லுங்க. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரி மேல வெச்சா 14 வோல்ட் பக்கம் காட்டணும். அவ்வளவுதான் சோதனை.

6. டெர்மினல்ல பூஞ்சை மாதிரி பச்சையா, வெள்ளையா படிஞ்சிருந்தா சுத்தம் பண்ணி, இறுக்கமா முறுக்குங்க. மலை ரோட்டுல குலுங்கும்போது லூஸ் டெர்மினல் விட்டு விட்டுத் தொட்டாலும், ஓடுற எஞ்சின்ல பேட்டரியைக் கழட்டின கதைதான்.

7. ட்ரெய்லர் கொக்கியிலோ பாடியிலோ வெல்டிங் வெக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி இணைப்பைக் கழட்டிடுங்க. கையேடு சொன்னா இசியூ கனெக்டரையும்.

மெக்கானிக் அண்ணனுக்கு இது தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுப் போய்ப் பாடம் எடுக்காதீங்க. முப்பது வருஷமா அவர் செஞ்ச வேலை, அந்த வண்டிகளுக்குச் சரியான வேலை. வண்டி மாறிடுச்சு, அவ்வளவுதான். நீங்க ஒரு காயிலையும் ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் எடுத்துட்டுப் போங்க. காயிலுக்குக் குறுக்கே, டெஸ்டர்ல இருக்குமே, அந்தச் சின்ன நியான் பல்பை வெச்சு, பேட்டரியை இணைச்சுப் பிரிச்சுக் காட்டுங்க. நியான் எரிய 60, 70 வோல்ட்டுக்கு மேல வேணும்னு அவருக்கே தெரியும். 9 வோல்ட்ல இணைக்கும்போது எரியாத பல்பு, பிரிக்கும்போது மின்னினா அதுக்கு மேல விளக்கமே தேவைப்படாது. கம்பியோட வெறும் முனையை மட்டும் விரலால தொடாதீங்க, சுருக்குன்னு அடிக்கும்.

இன்னொண்ணு. உங்க லேப்ல என்னிக்காவது எதிர்பாராத ஒரு பொறியோ, ஆஸிலோஸ்கோப்ல விளங்காத ஒரு கோடோ தெரிஞ்சா, ரீடிங் தப்புன்னு அழிச்சிடாதீங்க. தேதி போட்டு ரெக்கார்டு நோட்டுல ஒரு பத்தி எழுதி வெச்சிடுங்க. விடுமுறை முடிஞ்சு வகுப்பு தொடங்கிட்டா, அது மறந்து போயிடும்.

அடுத்த இதழில் சந்திப்போம் நண்பர்களே!